சாலையில் ஒரு பெயர்

மறுநாள் பிரனீஸ் மலைப்பாதையில் பெரிய சைக்கிள் பந்தயம் வரவிருந்தது. ரசிகர்கள் தங்களுக்குப் பிடித்த வீரரின் பெயரைச் சாலையில் எழுதிவைக்கும் வழக்கப்படி, சாலையின் குறுக்கே வெள்ளைப் பெயிண்டால் 'லோயிக்' என்று ஆளுயர எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தாள் சொலாஞ்.

டி.வி. நிருபர் மரியோன் மைக்கை நீட்டினாள். "லோயிக் ரிட்டயர் ஆகி வருஷக்கணக்காச்சு மேடம். இன்னும் அவர் பேரையா எழுதறீங்க?"

"தள்ளி நில்லும்மா, ஷூவுல பட்டுடும். ரிட்டயர் ஆனது அவன்தான், நாங்க இல்ல."

"ஒரு தடவைகூட அவர் இந்தப் பந்தயத்தை ஜெயிக்கலையே?"

"ஜெயிச்சவங்க பேரு நாலு சொல்லு, பார்ப்போம்."

மரியோன் இரண்டு பேரைச் சொல்லிவிட்டு, சிரித்தபடி மைக்கை இன்னும் நெருக்கினாள்.

"போன வாரம் எங்க சந்தைக்குச் சீஸ் வாங்க வந்தான். வியாபாரத்தை அப்படியே போட்டுட்டு மொத்தச் சந்தையும் அவன் பின்னாடி போயிடுச்சு."

சொலாஞ்சின் முகமெல்லாம் பெருமை. மரியோன் கேமராவை நெருங்கி வரச் சொல்லிச் சைகை காட்டினாள்.

"பெத்தவங்களுக்கு இதைவிட வேற என்ன வேணும், இல்லையா மேடம்?"

"நான் அவன் அம்மா இல்ல. தமியானோட அம்மா."

மரியோனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "லோயிக்கோட பரம எதிரி தமியானா? மூடுபனியில பள்ளத்துல விழுந்தாரே..."

"அவனேதான். லோயிக் மட்டும்தான் அதைப் பார்த்தான். ஜெயிக்க வேண்டிய பந்தயத்தை விட்டுட்டு பள்ளத்துல இறங்கினான். ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் என் பையன் கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தான்."

மரியோன் தயங்கியபடி கேட்டாள். "தமியான் இப்ப...?"

"மேல, அடுத்த வளைவுல இருக்கான். போய்ப் பாரு, லோயிக் பேரை என்னைவிடப் பெருசா எழுதிட்டிருப்பான்."