லேசான ஃபயர்வால்

"பாரமா இருக்கக் கூடாது தம்பி. மிஷின் பழசு, மூச்சு வாங்கிரும். ஆனா நிறுத்த வேண்டியதக் கரெக்டா நிறுத்தணும்" என்றார் வீரமலை.

மலைக்கோட்டைக்குக் கீழே ஜவுளிக்கடைச் சந்தில் இருந்தது சர்ஃபராஸின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. வாசலில் கிடந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் வீரமலையின் மனைவி பொன்னுத்தாய் உட்கார்ந்திருந்தாள். ஃபயர்வால் என்றால் என்னவென்று ஸ்ரீரங்கத்திலிருந்து வரும்போதே பஸ்ஸில் அவர் சொல்லியிருந்தார். கண்டவனும் இன்டர்நெட் வழியாக வீட்டுக்குள் புகுந்துவிடாமல் காக்கிற சுவராம்.

சர்ஃபராஸ் மூன்று விதம் சொன்னான். ஒன்று நல்ல பலசாலி, ஆனால் கம்ப்யூட்டரின் பாதிச் சக்தியை அதுவே தின்றுவிடும். இன்னொன்று லேசானது, ஆனால் தொட்டதற்கெல்லாம் இங்கிலீஷில் கேள்வி கேட்கும். மூன்றாவது இருக்கிற இடமே தெரியாது. எதைத் தடுக்கச் சொல்கிறோமோ அதை மட்டும் தடுக்கும்.

வீரமலை மூன்றாவதைக் கேட்டார். பிறகு மேஜை மேல் குனிந்து மெதுவாக ஏதோ சொன்னார். சர்ஃபராஸ் ஒரு தடவை பொன்னுத்தாயைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான்.

அந்தக் கம்ப்யூட்டர் மகன் நவநீதன் காலேஜ் படிக்கும்போது வாங்கியது. இப்போது அவன் கனடாவில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழு மணியானால் பேரனை மடியில் வைத்துக்கொண்டு அதில் வந்துவிடுவான். பொன்னுத்தாய் ஆறு மணிக்கே முகம் கழுவி, நல்ல சேலையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

கடைசியாகப் பேசிய ஞாயிறு, பேரன் சோபாவைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். நவநீதன் அம்மாவை பாஸ்போர்ட் எடுக்கச் சொன்னான். ஆறு மாசம் வந்து கூட இருங்கள், டிக்கெட் நான் போடுகிறேன் என்றான். பொன்னுத்தாய்க்கு வாய் நிறையச் சிரிப்பு. வீரமலையும் சிரித்தபடியே, ஆறு மாசம் எனக்கு யாருடா சோறாக்கிப் போடுவது என்று கேட்டார்.

அந்த வாரம்தான் ஃபயர்வால் வந்தது. அடுத்த ஞாயிறு ஏழு மணிக்குக் கம்ப்யூட்டர் மணி அடிக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை.

வெளிநாட்டிலிருந்து வருவதையெல்லாம் அது திருட்டு என்று நினைத்துக்கொள்கிறது, பழகுவதற்கு நாளாகும் என்றார் வீரமலை. அவன் போனிலாவது கூப்பிட்டானா என்று அவள் கேட்டாள். வீட்டிலிருந்த ஒரே போனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்து, இல்லை என்றார்.

நடுவில் ஒருநாள் அக்கா மகள் அனுசுயா கோயம்புத்தூரிலிருந்து அதே கம்ப்யூட்டரில், வேறொரு புரோகிராம் வழியாக அரை மணி நேரம் பேசினாள். படம் கண்ணாடி மாதிரி தெரிந்தது. அவள் நம்ம நாட்டுக்குள்ளேயே இருக்கிறாள் அல்லவா, அதனால் விட்டிருக்கும் என்றார் வீரமலை.

அவரும் சும்மா இருக்கவில்லை. அறுபத்தெட்டு வயதில் கத்தரி வெயிலில் இரண்டு தடவை, கடைக்குப் போய்க் கேட்டுவருகிறேன் என்று கிளம்பிப் போனார். வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தவருக்கு மோர் கரைத்துக் கொடுத்தபோது பொன்னுத்தாய்க்குப் பாவமாக இருந்தது. ஒரு பிள்ளை முகத்தைப் பார்க்க இந்த மனுஷன் இவ்வளவு அலைய வேண்டியிருக்கிறதே என்று நினைத்தாள். அன்று ராத்திரி அவருக்குப் பிடித்த பருப்புருண்டைக் குழம்பு வைத்தாள்.

பதினோரு ஞாயிறு போயிற்று. பேரன் நடந்திருப்பான். முதல் அடி எடுத்து வைத்ததை யார் யாரோ பார்த்திருப்பார்கள்.

பன்னிரண்டாவது வாரம், வீரமலை பென்ஷன் விஷயமாக வெளியே போயிருந்தார். காந்தி மார்க்கெட்டுக்குப் போவதாகப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, பொன்னுத்தாய் தனியாக பஸ் ஏறி மெயின்கார்டு கேட்டில் இறங்கினாள். சந்தில் இரண்டு இடத்தில் வழி கேட்டுத்தான் கடையைக் கண்டுபிடித்தாள்.

சர்ஃபராஸ் அடையாளம் தெரிந்து ஸ்டூலை இழுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை.

"அந்தச் சுவரே வேணாம் தம்பி, எடுத்துருங்க. திருடன் வந்தா வந்துட்டுப் போறான். எம்புள்ள மொகத்த நான் பாக்கணும்."

வீட்டுக்காரர் இரண்டு தடவை வந்து கேட்டும் உங்களால் சரிசெய்ய முடியவில்லை, அவரை இனிமேலும் வெயிலில் அலைய வைக்க வேண்டாம் என்றாள்.

அன்றைக்கு அப்புறம் அய்யா இந்தப் பக்கமே வரவில்லையே என்றான் சர்ஃபராஸ். கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை மேஜை மேல் வைத்தான்.

"கோவம் தீந்துருச்சாம்மா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"யாரு மேல கோவம்?"

"மகன் கூப்பிட்டா வரவே கூடாதுன்னு நீங்க சொன்னதாச் சொல்லித்தானேம்மா அய்யா நிறுத்தச் சொன்னாரு."