கேட்டுக்கு வெளியே

பதினெட்டு முடிந்து காப்பகத்தை விட்டுப் போகிறவள் கேட்டைத் தன் கையாலேயே திறக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். மூன்று முறை சுவரேறிக் குதித்து, மூன்று முறையும் பிடிபட்டுத் திரும்பிய நிரோஷா, வார்டன் நீட்டிய சாவியை முகர்ந்துகூடப் பார்த்தாள். ஒரே திருகில் பூட்டு வாயைப் பிளந்தது. இவ்வளவுதானா? ஒரு காலை வெளியே வைத்தாள், உள்ளே இழுத்தாள், மறுபடி வைத்தாள். மாடி ஜன்னல்களில் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு பையை இறக்கி வைத்துவிட்டு, வெளிச்சுவரை மேலும் கீழும் தடவ ஆரம்பித்தாள்.

“என்னடி தேடுற? பஸ் போயிரும்.”

“பெல்லு எங்க இருக்கு மேடம்? வெளியில இருந்து வர்றவங்க எதை அமுக்குவாங்க?”

இருபது வருஷமாக அந்தக் கேட்டை உள்ளிருந்தே பூட்டித் திறந்த வார்டன் வெளியே வந்து, சுவரைத் தானும் தடவிப் பார்த்தார்.