தூணில் இரண்டு புள்ளிகள்

ஜெபராணி வேலை முடிந்து, முழங்காலைப் பிடித்தபடி மூன்றாவது மாடிக்கு ஏறி வந்தாள். மகள் ஷெர்லி இரண்டு பெட்டிகளோடு வாசலுக்கு வெளியே நின்றிருந்தாள்.

வீட்டுத் தூணில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள். எதிரே இருந்த கேமரா அவற்றின் இடைவெளியை ஓயாமல் அளந்துகொண்டிருந்தது. ஒரு காலத்தில் லேப்பில் கம்பியை இழுத்து அது நீள்வதை அளந்த கருவி, இப்போது பழைய ஹவுசிங் போர்டு வீடுகளுக்கெல்லாம் வந்துவிட்டது. பாரம் ஏறி இடைவெளி குறைந்தால் சைரன் அடிக்கும்.

"உள்ள கால் வச்சேன், ரெண்டு வாட்டி கத்திடுச்சும்மா. இன்னொரு வாட்டி கத்தினா வீட்டுக்கு சீல் வச்சிருவாங்களாம்."

"கல்யாணத்துக்கு அப்புறம் வெயிட்டு போட்டுட்டியாடி? எத்தினி நாள் இருப்ப?"

"இனிமே அங்க போமாட்டேன்மா."

ஜெபராணி உள்ளே போனாள். கட்டிலைப் பார்த்தாள், பீரோவைப் பார்த்தாள். பிறகு பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள்.

"டேவிட் அண்ணே, இந்த வாஷிங் மெஷினக் கீழ எறக்க ஒரு கை குடு. இவ வெயிட்டு இருக்கும்."

"ஐயோ, வேணாம்மா! கையால தொவைச்சா உன் இடுப்பு என்னத்துக்கு ஆவும்?"

"அத அளக்க எவன்டி கேமரா வச்சிருக்கான்? நீ உள்ள வா."