புல்லாங்குழலில் ஒரு ‘டிக்’

இசையமைப்பாளர் தேவசகாயத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் சுடர்க்கொடி, பாட்டுகளைச் சேமித்து வைக்கும் பழைய ஃபைல் சிஸ்டத்தை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்ட நாளிலிருந்து திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். புதிதாகப் பதிந்த பாட்டைத் திறந்தாலே ‘கோப்பு பழுது’ என்று திரை சிவந்தது.

“பழசு இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை குறை சொன்னதில்லம்மா. இது வந்ததும் வராததுமா புலம்புது. பழசையே போட்டுடு” என்றார் அவர்.

“இன்னிக்கு மட்டும் விடுங்க சார்” என்று கெஞ்சிவிட்டுக் கணினிப் பெட்டியைத் திறந்தாள். ஹார்ட் டிஸ்குக்குப் போகும் கேபிள் நைந்திருந்தது. அதை மாற்றியதும் சிவப்பு அடங்கிவிட்டது.

“பழசும் இதே கேபிள்லதான் சார் ஓடுச்சு. கெட்டுப்போனதைக் கண்டுபிடிக்க அதுக்குத் தெரியாது. அதான் கம்முனு இருந்துச்சு.”

அவர் பதறிப்போய்த் தன் பழைய பாடல்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டார். எல்லாம் நன்றாகத்தான் இருந்தன, ஊரே முணுமுணுக்கும் அந்த ஒரு பாட்டு வரும்வரை. புல்லாங்குழலுக்கு நடுவே ‘டிக்’ என்றது. வாசித்தவரின் குறும்பு என்று அவர் இத்தனை நாள் ரசித்த இடம். கல்யாண வீடுகளில் எல்லாரும் நாக்கைச் சொடுக்கிப் பாடுகிற இடம்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரிப்பு பீறிட்டது.

“அந்தக் கேபிள் போட்ட டிக்கை எடுத்துரட்டுமா சார்?”

“ஐயையோ, கையை வைக்காதே! அப்படியே புதுசுல ஏத்து. ஒரு துளி மாறாம பாத்துக்கும்ல?”