நடுவில் நின்ற பூஜ்யம்

507 என்ற எண்ணைத் தனித்தனி இலக்கங்களாகப் பிரிக்கச் சொல்லி, கணினி நிரல் வகுக்கும் எண்ணான பத்தை அனுப்பியது. பத்தைக் கண்டதும், எங்கே தன்னை விட்டுவிடுமோ என்று நடுவில் நின்ற பூஜ்யம் பயந்தது.

"உன்னையெல்லாம் யாருடா சீண்டப் போறாங்க?" என்றது முதலில் நின்ற ஐந்து.

பத்துக்குக் கடைசியிலிருந்து பிரித்துத்தான் பழக்கம். 507ஐ வகுத்து, மீதி ஏழு என்று பட்டியலில் எழுதிக்கொண்டது. ஈவாக ஐம்பது நின்றது. அதையும் வகுத்தது. ஒன்றுமே மிஞ்சவில்லை. பூஜ்யம் கண்ணை இறுக மூடிக்கொண்டது.

"மீதி பூஜ்யம்" என்று நிதானமாக எழுதியது பத்து.

"என்னையுமா எழுதுறீங்க, அண்ணே?"

"பின்னே? உன்னை விட்டுட்டா இவங்க ரெண்டு பேரும் வெறும் ஐம்பத்தேழுடா."

பூஜ்யத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இன்னும் பட்டியலில் ஏறாத ஐந்து மெல்லத் தொண்டையைச் செருமியது. "அண்ணே, நானும் இங்கேதான் நிக்கிறேன்."