ஐந்தாவது கை

"அவளை விலைக்கு வாங்கிட்டாங்க. அவ்வளவுதான், முடிஞ்சுது," என்றார் டுவைட், மன்ற மேடையில் காலியாகக் கிடந்த ஐந்தாவது நாற்காலியைப் பார்த்தபடி.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரோசல்பா அவரை முறைத்தாள். அந்த நாற்காலி ஜோனெல் பிக்ஸ்பியுடையது. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். நகர மன்றத்தில் கூலிவேலைக்காரர்களுக்காக வாய் திறக்கிற ஒரே ஆள்.

"சும்மா இருங்க டுவைட். ஜோனெல் அப்படிப்பட்டவ இல்ல."

"நானா சொல்றேன்? போன வாரம் ரியல் எஸ்டேட்காரனோட நின்னு ஏதோ பேப்பர்ல கையெழுத்துப் போட்டிருக்கா. என் மச்சான் கண்ணால பாத்திருக்கான்."

டுவைட் முப்பது வருஷமாகப் பனிச்சறுக்கு லிஃப்ட் ஓட்டுகிறவர். மலைக்கு வருகிறவர்களை ஏற்றி ஏற்றி இறக்கியதில், மனுஷ ஜாதி மேலேயே அவருக்கு நம்பிக்கை போய்விட்டது. சக்கரம் வைத்த டிரெய்லர் வீடுகளில் ரோசல்பாவுக்கு அடுத்தது அவருடையது.

ஊர்க்கோடியில் ஆற்றோரமாக அப்படி முப்பத்தெட்டு டிரெய்லர் வீடுகள். இந்த ஊர் ஹோட்டல்களில் படுக்கை விரிக்கிறவர்கள், பாத்திரம் தேய்க்கிறவர்கள், தெருவில் பனி தள்ளுகிறவர்கள் எல்லோரும் அங்கேதான். அந்த இடத்தில் இன்னொரு ஹோட்டல் கட்ட அனுமதிக்கலாமா என்பதுதான் இன்றைக்கு ஓட்டு. அனுமதித்துவிட்டால், பனி உருகுவதற்குள் எல்லோரும் காலி செய்ய வேண்டும்.

ரோசல்பாவின் டிரெய்லர் அவளைவிட இரண்டு வயது மூத்தது. சக்கரமெல்லாம் பேருக்குத்தான், இழுத்தால் பாதி வழியில் உதிர்ந்துவிடும். அவ்வளவு பழசை வேறு எந்த ஊரிலும் சேர்த்துக்கொள்ளவும் மாட்டார்கள். பதினொரு வருஷம் அடுத்தவர் படுக்கையை உதறி விரித்து வாங்கிய வீடு, அப்படியே குப்பைக்குப் போகும்.

இதையெல்லாம் சொல்லத்தான் அவள் மைக் முன்னால் போய் நின்றாள். ஆளுக்கு மூன்று நிமிஷம். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லி, அவள் விஷயத்துக்கு வருவதற்குள் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது.

"நன்றிம்மா," என்றார் மேயர் ஹார்லன் வைட்மேன், பட்டியலில் அடுத்த பெயரைத் தேடிக்கொண்டே.

எல்லோரும் பேசி முடித்ததும் மேயர் கண்ணாடியைக் கழற்றினார். "ஓட்டுக்குப் போயிரலாமா?"

ரோசல்பா மனக்கணக்குப் போட்டாள். மேயரோடு சேர்த்து ஹோட்டல் பக்கம் இரண்டு கை. இவர்கள் பக்கம் ஜோனெல் இல்லாமல் இரண்டு கை. இரண்டுக்கு இரண்டு என்று நின்றால் மேயர் வைத்ததுதான் சட்டம்.

மன்றத்தின் குமாஸ்தா எழுந்தாள். "சார், ஜோனெல் போன் பண்ணாங்க. கணவாய்ல பனி சரிஞ்சு ரோடு அடைச்சிருக்காம். அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டிருக்காங்க. எப்படியும் வந்துடறேன், காத்திருங்கன்னாங்க."

டுவைட் மூக்கால் சிரித்தார். "அவ வீடு ரெண்டு தெரு தள்ளி. சாக்கு சொல்றதுக்கும் ஒரு அளவு வேணாமா."

"அரை மணி நேரம். அதுக்கு மேல முடியாது," என்றார் மேயர். முன்வரிசையில் இருந்த ஹோட்டல் கம்பெனி வக்கீல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"போன தேர்தல்ல அவளுக்காக வீடு வீடா ஏறி இறங்கினோமே டுவைட்."

"அவளுக்கு முன்னாடி மன்றத்துல இருந்த பல் டாக்டர் கீழ ஏரிக்கரையில வீடு கட்டிக்கிட்டுப் போனாரே, அவரைச் சொல்லணும். ஊருக்குள்ள குடியிருந்தாத்தான் மன்றத்துல உக்காரலாம்னு சட்டம் இருக்கப்போய் அவர் எழுந்தார், இவ உக்காந்தா. அந்த மனுஷன் இங்கேயே பல்லைப் பிடுங்கிக்கிட்டு இருந்திருக்கலாம்."

ரோசல்பா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டே இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் இருபது நிமிஷம் போனது, இருபத்தைந்தும் போனது. எந்த மூலையில் போய் இருப்பது என்று அவள் யோசிக்கவே ஆரம்பித்துவிட்டாள்.

மேயர் கண்ணாடியை மாட்டிக்கொண்டபோது கதவு திறந்தது.

ஜோனெல்தான். கோட்டெல்லாம் பனி, முகம் சிவந்து, மூச்சு வாங்கியது. பின்வரிசைகளில் இருந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்து கை தட்டினார்கள். டுவைட்கூடத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்தார்.

ரோசல்பாவுக்குக் கண்ணீர் பொங்கிவிட்டது. தன்னைக் கடந்து போனவளின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்துட்டியேடி. என்னென்னவோ சொன்னாங்க. உன்னைக் கம்பெனி வாங்கிடுச்சுன்னு..."

"என்னை யாரும் வாங்கல ரோசல்பா," என்றாள் ஜோனெல். அவள் முகத்தைப் பார்க்காமலே கையை மெல்ல விடுவித்துக்கொண்டு முன்னால் போனாள்.

"வா ஜோனெல். நீ வராம ஓட்டு எடுக்கல," என்றார் மேயர் அலுப்புடன். "ஹோட்டலுக்கு அனுமதி வேண்டாங்கறவங்க கை தூக்கலாம்."

இரண்டு கைகள் உயர்ந்தன. அறையே மூன்றாவது கைக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

ஜோனெல் உட்காரவில்லை. இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு தன் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

"என்னம்மா, கையைத் தூக்கு," என்றார் டுவைட் பின்னாலிருந்து. முதல் தடவையாக அவர் குரலில் கெஞ்சல் இருந்தது.

ஜோனெல் மேயரைப் பார்த்துச் சொன்னாள்:

"என்னையும் வீட்டைக் காலி பண்ண வச்சிட்டாங்க ஹார்லன், நான் இப்ப குடியிருக்கிறது கணவாய்க்கு அந்தப் பக்கம்."