பல்கார் மாமாவின் துணை

சட்டம் தெரிந்தவனுக்கு உலகத்தில் எல்லை என்பதே கிடையாது. சியாட்டிலிலிருந்து கனடா எல்லை வரை, வாடகைக் காரின் பின்சீட்டில், பல வருஷமாகக் கனடாவில் குடியிருக்கும் பல்கார் சிங் மாமா இதையேதான் சொல்லிக்கொண்டு வந்தார்.

காரை ஓட்டிய ஜஸ்தீப் எல்லைப் பலகைகளைப் பார்த்துப் பார்த்து முழித்தான். கனடாவில் பி.ஆர். என்ற நிரந்தர வசிப்புரிமை கிடைத்த கையோடு, அதற்கான அட்டை தபாலில் வரும் முன்பே, அம்மாவின் காரியத்துக்காக ஜலந்தருக்கு ஓடியவன் அவன். அட்டை இல்லாமல் கனடா போகும் விமானத்திலோ பஸ்ஸிலோ ஏற்றமாட்டார்கள். திங்கட்கிழமை போய் நிற்காவிட்டால் வேலையும் போய்விடும்.

“அமெரிக்கா வரைக்கும் பறந்து வா, அங்கேருந்து கார்ல போனா விட்டுடுவான்னு சொன்னது யாரு?”

“நீங்கதான் மாமா.”

“துணைக்கு வந்து நிக்கிறது யாரு?”

“அதுவும் நீங்கதான்.”

“அப்புறம் ஏன்டா திருடன் மாதிரி முழிக்கிறே?”

எல்லைச் சாவடியில் இருந்த பெண் அதிகாரி ஜஸ்தீப்பின் பாஸ்போர்ட்டையும் குடியேற்றச் சான்றையும் பார்த்தாள்.

“இனிமே கார்டு வந்தப்புறம் கிளம்புங்க. நீங்க போகலாம். பின்னாடி இருக்கிறவர் கார்டு?”

மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“எடுத்துக் குடுங்க மாமா.”

“இருந்தா நான் பஸ்லயே போயிருப்பேனேடா” என்றார் மெதுவாக.

போன வாரம் சியாட்டிலில் தங்கை வீட்டுக் குளியலறைக்குள் மாட்டிக்கொண்டவர், அட்டையைக் கதவிடுக்கில் விட்டு நெம்பியதில் அது உடைந்துபோயிருந்தது.